போணி அண்ணாச்சி வாங்கிய மஞ்சள் கவுன்

மும்பையில் ஒருவர் தலை குழம்பாமல் காலம் தள்ளுகிறார் என்றால், அவருக்குப் போணி அண்ணாச்சியைத் தெரியாது என்று அர்த்தம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்து முழுக்க அவரால் குழம்பிப்போனவர்கள்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சிக்கு டீ வியாபாரம். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய் அரை கிளாஸ் ‘கட்டிங்’ டீ ஊற்றுவார். ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. சந்தில் எந்தப் பையனோ பெண்ணோ கையால் எதையாவது செய்து விற்க ஆரம்பித்தால், முதல் போணி அவர் கையால்தான் ஆகவேண்டும். அப்படியொரு கைராசி என்று சந்தே நம்பியது. அவரும் நம்பினார், அதுதான் வினை.

வாங்கியதைச் சும்மா வைத்திருக்கவும் மாட்டார். “வாங்கி மூலையில போட்டா அது போணியா வே? பிச்ச போட்ட மாதிரில்லா ஆயிரும்!” என்பார். ஒரு பெண் துணியில் ஹேர்பேண்ட் செய்தாள். தலையில் ஒரு முடி இல்லாத அண்ணாச்சி அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு பையன் ரோஜா வாசனை மெழுகுவர்த்தி வார்த்தான். அதை ஏற்றிப் பிடித்தபடி அண்ணாச்சி விடியற்காலையில் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றார். பின்னால் நின்ற நாங்கள் மூக்கைப் பிடிப்பதா, கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் விழித்தோம்.

அப்போதுதான் எதிர்வீட்டு இசக்கி, பி.காம். முடித்த கையோடு, குழந்தைகளுக்குக் கவுன் தைத்து வாசல் கொடியில் தொங்கவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். வாங்கத்தான் ஆளில்லை. அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: “தீவாளி வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா மிஷின வித்துட்டு ஒழுங்கா ஆபீஸ் வேலைக்குப் போ.” இசக்கியின் முகம் தொங்கிப்போயிற்று.

அண்ணாச்சி வந்தார். வாத்துப் படம் போட்ட மஞ்சள் கவுனைக் கொடியிலிருந்து உருவினார்.

“ஒங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இது?”

“போணி நேரத்துல எதுக்குன்னு கேக்கப்படாது தாயி. பொதிஞ்சு குடு.”

“அளவு பாக்கணும்லா? யாருக்குன்னாவது சொல்லுங்க.”

அண்ணாச்சி யோசித்தார். “வயிறு கொஞ்சம் பெருசு. அங்கன லூசா விடு. ஒடம்பு எப்பவும் சூடாத்தான் இருக்கும், உள்ள கெட்டியா ஒரு துணி வச்சுத் தச்சிரு.”

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் சந்து கொதித்தது. அண்ணாச்சிக்குச் செம்பூரில் ஒரு குடும்பம் இருக்கிறதாம், காய்ச்சல்காரப் பிள்ளையாம். எதை வாங்கினாலும் மறுநாளே உபயோகிக்கிறவர், கவுனை மட்டும் யார் கண்ணிலும் காட்டவில்லை. நேரிலேயே கேட்டேன். “அரே, தீவாளிக்குப் பாருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு டீ ஊற்றப் போய்விட்டார்.

துப்புத் துலக்கப் பெண்கள் எல்லாரும் இசக்கி வாசலுக்குப் படையெடுத்தார்கள். ஆனால் எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கடையில் நின்று பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், அன்றைக்கு அந்தக் கடை விளங்காது என்பார்கள். அதனால் கேள்வி கேட்டவள் எல்லாம் ஆளுக்கொரு கவுனோடு திரும்பினாள். என் மனைவியும் ஒன்று கொண்டுவந்தாள். எங்கள் ஒரே பையன் கல்லூரியில் படிக்கிறான்.

“யாருக்கும்மா இது?”

“விசாரிக்கப் போனேங்க. சும்மா வர முடியுமா?”

“சரி, என்ன தெரிஞ்சுது?”

“வயிறு பெருசாம்.”

தீபாவளி நெருங்கியபோது கொடி காலியாகிவிட்டது. இசக்கியின் அம்மாவே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளியன்று காலையில் இசக்கியின் அம்மா தலைமையில் ஒரு கூட்டம் முந்திரிக்கொத்தும் காய்ச்சல் மருந்துமாக அண்ணாச்சி அறைக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன்.

“இன்னும் எத்தன நாளைக்கு மறைப்பிய? புள்ளையக் கண்ணுல காட்டுங்க அண்ணாச்சி!”

அண்ணாச்சி எங்களைவிடக் குழம்பிப்போய் நின்றார். “எந்தப் புள்ள?”

“கவுன் வாங்குனியள்லா, அந்தப் புள்ள!”

அவர் சுவரோரப் பலகையைக் காட்டினார். கெட்டில் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கவுன், நெஞ்சில் வாத்து, ஒரு கை வழியாக மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“டீ ஆறிப்போவுதுன்னு எல்லாவனும் ஏசுதான். இப்பம் தொட்டுப் பாருங்க. என்னா சூடு! புதுத்துணில்லா, தீவாளிக்குத்தான போடணும்?”

இசக்கிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவள் அம்மா கெட்டிலை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்திரிக்கொத்தை அதன் முன்னால் வைத்தாள். “புள்ளைக்குன்னு கொண்டாந்தத திருப்பிக் கொண்டு போவப்படாது” என்றாள்.

மிஷின் விற்கப்படவில்லை. இப்போது அதன் பக்கத்தில் இன்னொன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் கவுன் அண்ணாச்சிக்குத்தான். “புள்ள வளருதுல்லா” என்று இசக்கி வருடா வருடம் ஒரு சைஸ் கூட்டித் தைக்கிறாள். கவுன் தொளதொளவென்று தொங்குகிறதே என்று அண்ணாச்சி இந்த வருடம் பெரிய கெட்டிலாக வாங்கிவிட்டார்.

பிள்ளைக்கு எங்கள் வீட்டிலிருந்தும் முந்திரிக்கொத்து போகிறது.