வேட்பாளர் வீட்டு இழவுச் சாப்பாடு

மக்களாட்சியின் ஒரே பெருங்குறை, மக்களிடம் போய்க் கேட்க வேண்டியிருப்பதுதான். அதை நீக்கவே கணிப்புச் சந்தை அவதரித்தது. தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று ஃபோனிலேயே பணம் கட்டலாம்; விழுந்த பணத்தைப் பார்த்து, இன்னாருக்கு வெற்றி வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சந்தை நொடிக்கு நொடி அருள்வாக்கு சொல்லும். இதைச் சூதாட்டம் என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். சூதாட்டத்தில் சீட்டுக்கட்டு இருக்கும். இதில் வரைபடம் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவின் புறநகரில் லொரெட்டா ஷிமான்ஸ்கி இருபது வருஷம் பள்ளிக்கூட நர்ஸ். தொகுதியில் பாதிப் பேரின் தலையில் பேன் பார்த்தவள். அந்தத் தைரியத்தில் வேலையை விட்டுவிட்டு, வாஷிங்டன் காங்கிரஸ் சபைக்கு நின்றாள். அக்டோபர் நடுவில் சந்தை அவளுக்கு 58 கொடுத்தது. ஒரு திங்கட்கிழமை விடிந்து பார்த்தால் 31.

பிரச்சார மேலாளர் பிரெண்டன் அவசரக் கூட்டம் கூட்டினான். அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவன். வாக்காளர் எவரையும் நேரில் பார்த்துக் கெட்டுப்போகாதவன்.

"மேடம், சந்தைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

"என்ன தெரிஞ்சிருக்கு?"

"அது நமக்கே தெரிஞ்சா அப்புறம் சந்தை எதுக்கு? நேத்து என்ன பண்ணீங்க?"

"துணி துவைச்சேன்பா."

"வெள்ளையா, கலரா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டான்.

'உண்மை அறியும் குழு' ஒன்று அமைந்தது. தீர விசாரித்ததில், போன வார விவாத மேடையில் லொரெட்டா இரண்டு முறை தண்ணீர் குடித்ததும், எதிர்த்து நிற்கும் பழைய கார் வியாபாரி ஸ்கிப் லானர்ட் ஒரு சொட்டும் குடிக்காததும் அம்பலமாயின. அன்றிலிருந்து லொரெட்டாவுக்குப் பொது இடத்தில் தண்ணீர் தடைசெய்யப்பட்டது.

கணவன் ஜீன் மட்டும் கலங்கவில்லை. "விடு லொரெட்டா. ஜெயிச்சாலும் தோத்தாலும் நமக்கு நல்லதாத்தான் முடியும்" என்றான். இப்படி ஒரு புருஷன் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் யாராவது இறந்தால், அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விட மாட்டார்கள். டூனா மீன், நூடுல்ஸ், சீஸ் மூன்றையும் கண்ணாடித் தட்டில் போட்டுச் சுட்டு எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் வந்துவிடும். வியாழக்கிழமை அப்படி ஒரு தட்டோடு பக்கத்து வீட்டு டோரீன் வந்து நின்றாள்.

"ஐயோ டோரீன், யார் போயிட்டா?"

"நீதான் தங்கம். காலையில 24-க்குப் போயிட்டே."

"உன் வீட்டுப் புல்வெளியில என் பேரு போட்ட போர்டு நிக்குதே!"

"நிக்கட்டும். ஓட்டும் உனக்குத்தான். பணம் மட்டும் ஸ்கிப் மேல கட்டியிருக்கேன். மனசு வேற, சந்தை வேற இல்லையா? அப்புறம், தட்டு திரும்ப வரணும். அடியில பேரு ஒட்டியிருக்கேன்."

தெருவே வந்தது. ஃப்ரீசர் நிரம்பி வழிந்தது. 18-க்கு இறங்கியதும் பிரெண்டன், இனி ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டினால் சந்தை சிரிக்கும் என்று அலுவலகத்தைப் பூட்டிவிட்டான். சந்தை சிரித்துக்கொள்ளட்டும் என்று லொரெட்டா பழைய நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே தட்டினாள். பேன் பார்த்த தலைகள் கதவு திறந்தன.

தேர்தலன்று ஸ்கிப்பின் ஆதரவாளர்கள் சந்தையில் அவனுக்கு விழுந்திருந்த 82-ஐப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்ட ஆளுக்கு ஓட்டு எதற்கு என்று முற்றத்தில் இலை வாரப் போய்விட்டார்கள். லொரெட்டா மயிரிழையில் ஜெயித்தாள்.

வெற்றி விழாவில் மேலிருந்து பலூன்கள் கொட்டின. ஒருவரும் கைதட்டவில்லை. பிரெண்டன் தேம்பிக்கொண்டிருந்தான்.

"சந்தை தப்பாயிடுச்சாப்பா?"

"சந்தை தப்பே பண்ணாது மேடம். இந்த ஜனங்கதான் தப்பா ஓட்டுப் போட்டுட்டாங்க."

மறுநாள் காலை லொரெட்டா ஃப்ரீசரைத் திறந்தாள். எல்லாத் தட்டையும் சூடாக்கி, அடியிலிருந்த பேர் பார்த்து வீடு வீடாகப் போனாள். "மனசைத் தேத்திக்கோ டோரீன். ஈடு செய்ய முடியாத இழப்பு." டோரீன் மூக்கை உறிஞ்சியபடி வாங்கிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும், தன் கையால் சுட்ட ஒரு தட்டைச் சமையலறை மேஜையில் ஜீன் முன்னால் வைத்தாள். அவன் முகம் சவரம் காணாதிருந்தது.

"இது எதுக்கு? நம்ம வீட்டுல யாரு...?"

"அடியில பாரு."

தூக்கிப் பார்த்தான். ஜீன் என்று ஒட்டியிருந்தது.

"உனக்கு எப்படி..."

"நேத்து பலூன் விழுந்தப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். எப்பக் கட்டினே?"

"அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி. இந்தச் சமையலறையைப் புதுசாக்கச் சேர்த்தது மொத்தமும் ஸ்கிப் மேல. நீ தோத்தா ஆறுதலா ஒரு புது அடுப்பாவது இருக்கட்டுமேன்னுதான்... நம்ம தொகுதி மேல அப்பக் கட்டியிருந்ததே நாலு பேருன்னு எனக்கென்ன தெரியும்? நான் ஒருத்தன் கட்டினதும் சரிஞ்சிடுச்சு. ஆனா சத்தியமா, ஓட்டு உனக்குத்தான் போட்டேன்!"

"டோரீனும் அதையேதான் சொன்னா." லொரெட்டா கரண்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். "பிரெண்டன் பயலை நான்தான் முட்டாள்னு நினைச்சேன். சந்தைக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டான். முப்பது வருஷம் கூடவே குடித்தனம் பண்ணின எனக்குத்தான் தெரியலை. ஆறிடப் போகுது, சாப்பிடு."