ஜீன்ஸ் துவைக்கக் கடலுக்குப் போன கதை

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் வயது எல்லோருக்கும் வரும். எனக்கு அது கல்யாணம் நிச்சயமான பிறகு வந்ததுதான் வம்பாகிவிட்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கன்டெய்னர் கன்டெய்னராகத் துணி கப்பலேறுவதைப் பார்த்து, ஒரு ஜீன்ஸ் தயாரிக்க எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று யூடியூபில் தேடினேன். தாடி வைத்த ஒருவர் வந்தார். "ஒரே ஜீன்ஸை வருடக்கணக்கில் போடு. கிழிந்தால் தை. தைக்க முடியாவிட்டால் பையாக்கு. ஆறு மாதம் துவைக்காதே" என்றார். (எங்கள் தெருக் குழாயின் லட்சணத்துக்கு இது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.) துவைத்தே தீரவேண்டும் என்றால், போட்டபடியே கடலில் இறங்கி, கரையேறி மணலால் தேய்க்க வேண்டுமாம். தாடிக்காரரின் ஊரில் நம் ஊர் மாதிரி வியர்க்காது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒரே ஜீன்ஸைத் துவைக்காமல் போட்டேன். கல்யாணம் நெருங்கியபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு அந்தப் பேண்ட் இந்த வீட்டுல இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத கரையாகப் பார்த்துப் போனேன். சட்டையை மடித்து வைத்து, அதன்மேல் செல்போனை வைத்து, பக்கத்தில் செருப்பையும் ஜோடியாக விட்டேன். (இந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது.) கழுத்தளவு தண்ணீருக்குப் போனதும் பின்னால் சத்தம்.

"ஏலே அந்தோணி! ஒருத்தன் உள்ள போறாம்ல, பிடிலே!"

வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பாய்ந்து வந்து, என் தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

"அண்ணாச்சி, நான் பேண்ட் துவைக்க வந்தேன்."

"பாவம், மூள கலங்கிட்டு" என்றார் அந்தோணி. "கவலப்படாத தம்பி. அந்தப் புள்ள இல்லன்னா வேற புள்ள."

"எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு அண்ணாச்சி."

"அப்ப அதாம்ல காரணம்" என்றார் மற்றவர்.

அந்த நேரம் பார்த்து நான் கட்டிக்கொள்ளப் போகும் ஜெயா போனில் கூப்பிட்டாள். அந்தோணி எடுத்தார். "யம்மா, இந்தத் தம்பி கடல்ல விழப் போனாரு. நல்லவேள, இழுத்துப் போட்டுட்டோம்."

மத்தியானத்துக்குள் பெண் வீட்டார் எங்கள் வீட்டில். ஜெயாவின் அப்பாவுக்கு மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை. அவர் உட்காரவே இல்லை. ஜெயாவின் கண் சிவந்திருந்தது.

"என்னையப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா? கடலுக்கா போவீய?"

அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். தண்ணீர்ச் சிக்கனம், மறுசுழற்சி, தாடிக்காரர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

"நிச்சயத் தட்ட நாளைக்கே திருப்பி அனுப்பிருதோம்" என்று ஜெயாவின் அப்பா வாசலுக்குத் திரும்பினார்.

அம்மா கொல்லைக்கு ஓடினாள். நீளமான கம்பு ஒன்றில் அந்த ஜீன்ஸைத் தொங்கவிட்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள். கடல்தண்ணீரில் ஊறி அரைகுறையாகக் காய்ந்ததில் அதன் வீரியம் கூடியிருந்தது.

"நீங்களே மோந்து பாருங்க அண்ணாச்சி."

அவர் குனிந்து ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தார். வேகமாக ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பியபோது கண்ணில் தண்ணீர்.

"மாப்ள சொல்லுதது நெசந்தான். இதுக்கு ஒரு கடல் பத்தாது."

ஜெயா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது.

தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுத் தட்டில் பட்டு வேட்டி, மோதிரம், நடுவில் அவர் கடையிலிருந்தே எடுத்த ஒரு துணி சோப்பு. அதிலிருந்து வருடம் தவறாமல் சோப்பு வருகிறது. நான் தட்டை வாங்குவதைப் பார்க்கவே சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பார்கள்.

இந்தத் தீபாவளிக்குச் சோப்பு மாறியிருந்தது. மாமனார் காதருகில் வந்து சொன்னார்: "ரசாயனம் கெடையாது மாப்ள. அலசுததுக்குத் தண்ணியும் கொஞ்சம் போதுமாம். ஒமக்காவ தேடிப் பிடிச்சேன்."

நான் உருகிப்போய் நின்றேன். அடுக்களையிலிருந்து ஜெயாவின் குரல் வந்தது.

"அப்பா, சோப்பு குடுத்தாச்சு, வாளி எங்க?"