ஆனிப் பூசத்துக் குறிஞ்சாப் பொடி

சனிக்கிழமைகளில் உடுவில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் நடப்பதில்லை. ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் சேராத கூட்டம் சேர்ந்தது. வருகிற அத்தனை பேருக்கும் சலரோகம், அதுதான் நீரிழிவு. அத்தனை பேருக்கும் தெய்வம், குறிஞ்சாச் சித்தர்.

சித்தரின் பொடி வேறொன்றுமில்லை, சிறுகுறிஞ்சா இலைதான். பாதி வேலிகளில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கிற கொடி. அதை ஊர்ச்சனத்துக்கே விற்க வேண்டுமென்றால் கொஞ்சம் ஞானம் வேண்டுமல்லவா? ஆனி மாதத்துப் பூச நட்சத்திரத்தில், சூரியன் எழுமுன் பிடுங்கின இலையில் மட்டும்தான் சத்து நிற்குமாம். மாரி தொடங்கினால் அது வேருக்குள் இறங்கி நித்திரை கொள்ளுமாம்.

"இப்ப கார்த்திகை. உங்கடை வேலியிலை கிடக்கிறது வெறும் சக்கை" என்றார். சனம் தன் வேலியைக் கைவிட்டு அவருடைய பைக்கற்றைப் பிடித்துக்கொண்டது.

பருவத்துக்குப் பருவம் இலையின் சத்துக் கூடிக் குறையும் என்பது மெய்தான். எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்க வேண்டும். சித்தர் பஞ்சாங்கத்திலேயே அளந்துவிட்டார்.

அற்புதமும் காட்டினார். நாக்கில் ஒரு சிட்டிகை பொடி. கொஞ்சம் பொறுத்து வாயில் ஒரு கரண்டி சீனி. இனிக்காது! "பாத்தியளோ, சீனி செத்துப்போச்சு!" என்பார். மண்டபம் அதிரும்.

குணலட்சுமியின் கணவர் பரமலிங்கம், ஓய்வுபெற்ற தபாலதிபர், பொடியை நம்பி மூன்று கிழமையாக டொக்டர் தந்த குளிசையைத் தொடவில்லை. முன்பு ஒரு கடி பனங்கட்டியோடு தேத்தண்ணி குடிப்பவர். இப்போது முதற் கடி இனிக்கவில்லை என்று இரண்டாவது, அதுவும் இனிக்கவில்லை என்று மூன்றாவது. பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டான் காலியாகக் காலியாக மனுசனுக்குச் சந்தோசம். செருப்புக் கடித்த கால் பெருவிரல் மட்டும் ஆறவில்லை.

"இஞ்சருங்கோ, விரல் கறுத்துக்கொண்டு வருது. கிளினிக்குக்குப் போவம்."

"உமக்கு விளங்காது. நஞ்சு இறங்குது எண்டு சித்தர் சொன்னவர்."

குணலட்சுமிக்கு விரலோடு போகுமா, காலோடு போகுமா என்ற பயம். கத்திப் பயனில்லை என்பது அவளுக்கு முப்பத்தைந்து வருட அனுபவம். கிணற்றடி வேலிக்குப் போனாள். கொட்டுகிற மழையில், அட்டமி நாளில், இராகுகாலம் பார்த்து இலை பிடுங்கினாள். அடுப்படியில் காயவைத்து, மிக்சியில் அடித்து, சித்தரின் பைக்கற்றை வெறுமையாக்கி அதற்குள் நிரப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை பரமலிங்கம்தான் சாட்சி. தன் பைக்கற்றோடு மேடையேறினார். சித்தர் அதிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு சீனி.

"எப்பிடி ஐயா?"

"மண்ணைத் தின்னுற மாதிரி இருக்கு சாமி!"

"ஆனிப் பூசத்தின்ரை சக்தி!" என்று சித்தர் கையை உயர்த்தினார்.

குணலட்சுமி எழுந்தாள். "சாமி, உது கார்த்திகை அட்டமியின்ரை சக்தி. எங்கடை வேலியிலை மழைக்கை பிடுங்கி, நான் மிக்சியிலை அடிச்ச பொடி உது."

மண்டபம் சிரித்தது. சித்தர் அசரவில்லை. "பொடி உங்கடையா இருக்கலாம் அம்மா. தொட்ட கை என்ரை. சீனி செத்தது செத்ததுதான்!"

"அப்ப செத்ததைப் பாப்பம்." மகள் வாங்கி அனுப்பி, அலுமாரியில் பெட்டி திறக்காமலே கிடந்த சீனி பார்க்கிற மெசினைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

பரமலிங்கம் தானே விரலை நீட்டினார். அவ்வளவு நம்பிக்கை! "முதல் கையைக் கழுவுங்கோ, சீனி தொட்ட கை" என்று தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுத்தான் குத்தினாள்.

முந்நூற்று எண்பத்தாறு.

ஒலிவாங்கியில் அவளே வாசித்தாள். சலரோகக்காரர் நிறைந்த மண்டபத்துக்கு அந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உது நாக்கைத்தான் மரக்கப்பண்ணும்" என்றாள் குணலட்சுமி. "இரத்தத்துக்கை சீனி உயிரோடைதான் கிடக்கு. இவரின்ரை விரலைத் தின்னுது."

பரமலிங்கம் குனிந்து தன் பெருவிரலைப் பார்த்தார். மூன்று கிழமைக்குப் பிறகு முதற்தடவையாக அவருக்குப் பயம் வந்தது. "ஓட்டோவைப் பிடியும்" என்றார் குணலட்சுமியிடம்.

மற்றவர்கள் பைக்கற்றுகளோடு மேடையைச் சூழ்ந்தார்கள். காசைத் திருப்பிக் கொடுப்பதற்கு அடுத்த ஆனிப் பூசம்தான் உகந்த நாள் என்றார் சித்தர். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை யாரும் நம்பவில்லை.

ஆசுப்பத்திரியில் நகத்தோடு பெருவிரலின் நுனி போயிற்று. இன்னும் ஒரு கிழமை கழித்து வந்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டொக்டர். இலை பிடுங்க நல்ல பருவம் இருக்கட்டும், ஐயாமாரே, அம்மாமாரே. யோசிக்கிறதுக்குமா நாள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?