காற்றைச் சந்தேகித்தவன்

உலகமே சேர்ந்து என்னை ஏமாற்றப் பார்க்கிறது என்று இருபத்தைந்து வயதில் உறுதியாக நம்பியவன் நான். (கல்யாணமானதும் அந்தப் பட்டியலில் என் மனைவி சரோஜாவையும் சேர்த்துக்கொண்டேன்.)

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்) மண்டியில் எடை எழுதும் வேலை. ஊரிலிருந்து நாலு மைல் சைக்கிளில் போகவேண்டும். நானோ ஆள் ஒன்றரை மூட்டை கனம். (மண்டித் தராசில் ஏறிப் பார்த்ததுதான். அந்தத் தராசின்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.) பால்காரர் ரெண்டு கேனோடு என்னை முந்திக்கொண்டு போவார். தினமும் தாமதம். "நாளைக்கு எட்டு மணிக்கு மேல வந்தா அப்படியே திரும்பிப் போய்க்கினே இரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். சரோஜா அப்போது மாசமாக இருந்தாள். வேலை போனால் கேப்பைக் கூழுக்கும் வழியில்லை.

சைக்கிள் கடை பாய் டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்தே இல்லீங்களே. உங்க உடம்புக்குக் கல்லு மாதிரி அடிக்கணும். அப்பத்தான் ஓடும்."

நான் விடுவேனா? கல்லு மாதிரி அடித்தால் நான் உட்கார்ந்ததும் டியூப் வெடிக்கும், இவர் புது டியூப் விற்பார். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுவதும் இவர் கைவேலைதான் என்று தோன்றியது. காற்றடிக்க விடாமல் வீட்டுக்கு வந்து, கனம் குறையட்டும் என்று பிரேக், மணி, கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன்.

"வண்டியை எளைக்க வெச்சிட்டீங்க. நீங்க எப்பங்க எளைப்பீங்க?" என்றாள் சரோஜா.

பிரேக் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மிதிப்பதை நிறுத்தினாலே என் வண்டி நின்றுவிடும்.

மறுநாள் நிற்கவில்லை. உட்கார்ந்ததும் பறந்தது. பால்காரரை முந்தினேன், என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஏரிக்கரை இறக்கத்தில்தான் பிரேக் ஞாபகம் வந்தது. காலைத் தரையில் தேய்த்தேன். செருப்பு போனதுதான் மிச்சம். இறக்கத்தின் அடியில் இருந்த மண்டிக்குள் வண்டி புகுந்தபோது முதலாளி குவியல் பக்கத்தில் நின்று ஒரு மல்லாட்டையை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் அள்ளிக்கொண்டு குவியலுக்குள் போய் விழுந்தேன்.

எழுந்து வேட்டியைத் தட்டியவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டடிக்க இன்னும் இருபது நிமிஷம். "பேஜாரு புடிச்சவனே, நாளையிலேர்ந்து லேட்டாவே வா" என்றார். வேலை தப்பியது.

சாயங்காலம் வீட்டில் என் சாமர்த்தியத்தை அளந்தேன். சரோஜா நிதானமாக, "நீங்க குளிக்கப் போனப்ப வண்டியைப் பாய் கடைக்குத் தள்ளிக்கினு போய்க் காத்து அடிச்சாந்தேன்" என்றாள். வாயும் வயிறுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவளிடம் நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"பாய் உனக்கு எவ்வளவு கமிஷன் குடுத்தாரு?"

(எழுதவே வெட்கமாக இருக்கிறது.) மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். தினமும் மாத்திரையை நீட்டும்போது, பேரப்பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, "முழுங்குங்க, கமிஷன் வாங்கிட்டேன்" என்கிறாள்.