பேயின் குழந்தைக்கு நிழல் விழுமா?

“சார், செத்துப் போனவர் எப்படி சார் ரொட்டி சாப்பிடறாரு?”

கேட்டது முன் பெஞ்சு ‘சந்தேகம்’. அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி பள்ளிக்கூடம் முழுக்க அவள் சந்தேகம்தான்.

படம் படமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்த டிரில் மாஸ்டர் குனிந்து தன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். கேள்வி நியாயமானதுதான். முந்தின பக்கத்தில் மாளிகைக்காரரைப் பெட்டியில் வைத்து, மகள் கறுப்பு உடையில் விழுந்து விழுந்து அழ, மண் போட்டு மூடிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் அதே மனிதர், அதே கிருதா, அதே உயரத் தொப்பியோடு உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மாஸ்டரின் கை தானாகக் கழுத்து விசிலைத் தடவியது. மைதானமாக இருந்தால் ஒரு ஊது ஊதி, “ரெண்டு ரவுண்டு ஓடு” என்று அனுப்பிவிடலாம். இது வகுப்பறை. அதுவும் இலக்கிய வகுப்பு.

அவரா கேட்டு வந்தார்? இலக்கியம் எடுக்கும் டீச்சர் பிரசவ லீவில் போனதும், தலைமையாசிரியை அவர் கையில் இந்தப் புத்தகத்தைத் திணித்துவிட்டார். விக்டோரியா ராணி காலத்து நாவலைப் படக்கதையாகப் போட்டது.

“படம்தானே மாஸ்டர்? பாத்துச் சொல்ல வேண்டியதுதானே. இன்ஸ்பெக்டரம்மா பாத்துட்டு ‘சரி’ன்னா உங்க வேலை நிரந்தரம். இல்லேன்னா, என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

பல வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கும் மனிதரிடம் இப்படிச் சொன்னால் அவர் பேயைக்கூட உயிரோடு எழுப்புவார். எழுப்பினார்.

“அது அவரில்லம்மா. அவரோட தம்பி. ரெட்டைப் பிறவி” என்றார்.

வகுப்பு முழுக்கப் பரபரவென்று பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டியது. அடடா, பிள்ளைகளுக்கு என்ன ஆர்வம் என்று மாஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் பக்கத்தைத் திருப்பினால், ரொட்டி தின்றவரை வேலைக்காரன் செத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். சந்தேகத்தின் கை மேலே போனது.

“தம்பிக்கும் அதே பேரா சார்?”

“இல்லம்மா.” மாஸ்டருக்கு வியர்த்தது. “நேத்து வேணும்னேதான் தப்பாச் சொன்னேன், யார் கண்டுபிடிக்கறீங்கன்னு பாக்க. அது பேய்.”

“ஓ!” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

பேய் என்று சொன்னதோடு விட்டதா? அடுத்த நாள் பேய்க்குக் கல்யாணம். மணப்பெண் வெள்ளை உடையில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். “நிறைவேறாத ஆசை” என்று சமாளித்தார். அதற்கும் அடுத்த நாள் தொட்டில், அதில் ஒரு குழந்தை. அதற்கு வைத்த பெயரோ, சவப்பெட்டி பக்கத்தில் அழுத மகளின் பெயர்.

“அப்பா செத்தப்ப அழுத பொண்ணு, இப்பதான் பொறக்கறாளா சார்?”

“மறுபிறவி” என்றார் மாஸ்டர். சொன்ன பிறகு அவருக்கே தன்மேல் பயம் வந்தது.

இதற்குள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வகுப்புப் பிள்ளைகளின் தலைகள் தெரிய ஆரம்பித்தன. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள்.

“பேயோட குழந்தைக்கு நிழல் விழுமா சார்?” என்றாள் சந்தேகம்.

நல்லவேளை, மணி அடித்தது.

மாஸ்டர் நேரே நூலகத்துக்கு ஓடி, படமில்லாத மூல நாவலை எடுத்துவந்தார். தலையணை கனம். முதல் அத்தியாயம் முழுக்க ஒரு திரைச்சீலையை வர்ணித்திருந்தார்கள். திரை விலகுவதற்குள் மாஸ்டர் குறட்டை விட்டுவிட்டார்.

அவர் மனைவி துணிகளை இஸ்திரி போட்டு முடித்துவிட்டுப் படக்கதையைப் புரட்டினாள். புரட்டியவள் நின்றாள்.

“ஏங்க, எந்திரிங்க. இந்தப் பக்கத்துல ‘குதிரைக்குக் கொள்ளு வெச்சுட்டு’ன்னு பேச்சு பாதியில நிக்குது. அடுத்த பக்கத்துல ‘பெட்டியை மெல்ல எறக்குங்க’ங்கறாங்க. குதிரையையா புதைக்கறாங்க?”

“எனக்கென்ன தெரியும்? நான் படத்தைத்தானே பாத்தேன், பேச்சை அங்கங்கதான் படிச்சேன்.”

“நல்லாப் பாத்தீங்க! கொள்ளோட மிச்சப் பேச்சு எங்கேயோ பின்னாடி இருக்கு. நடுவுல ஒரு கத்தைப் பக்கத்தை இடம் மாத்தித் தைச்சுட்டாங்க. பக்க நம்பரும் போடல. இவரு முதல்ல கல்யாணம் பண்ணி, குழந்தை பெத்து, அப்புறம்தாங்க செத்திருக்காரு, எல்லாரையும் மாதிரி.”

மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பாவி அச்சாபீஸ்காரன்! எல்லாப் புத்தகத்தையும் இப்படித்தானே தைச்சிருப்பான்? பேய், பேய்க் கல்யாணம், மறுபிறவின்னு மொத்த வகுப்புக்கும் நடத்தி முடிச்சுட்டேனேடி! நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க.”

“காலையில சீக்கிரமாப் போய்ப் பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. குழந்தைங்கதானே, புரிஞ்சுக்கும்.”

அப்படியே செய்வதென்று காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். வகுப்பறைக்குள் ஒரு காலை வைத்தவர் அடுத்த காலை எடுத்து வைக்கவில்லை. கடைசி பெஞ்சில் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை.

“வாங்க மாஸ்டர். நானே ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச நாவல்” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

போச்சு. மாஸ்டர் மனசுக்குள் விசிலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வேறு வேலை தேட வேண்டும். இந்த வயதில் யார் தருவார்கள்? இதை வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது?

“மாளிகைக்காரர் செத்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சு? யார் சொல்றீங்க?”

எந்தக் கை எழக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டாரோ அதுவேதான் எழுந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“மகளை வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்க மேடம். சொந்தக்காரங்க பொய்யா ஒரு உயில் எழுதிட்டாங்க.”

மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“மாளிகைக்காரர் அப்புறம் எங்கேயாவது வர்றாரா?”

“செத்தவங்க எப்படி மேடம் வருவாங்க?” என்றாள் சந்தேகம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பின் பெஞ்சில் ஒரு பையன் பொய்யாக இருமினான். அவனைக் கேட்டால் கல்யாணத்தைச் சொன்னான். அடுத்தவள் தொட்டிலைச் சொன்னாள். எல்லாம் அதனதன் இடத்தில் வரிசையாக வந்தது. பேய் என்ற பேச்சே எழவில்லை.

“பிரமாதம்!” இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். “கதை விரல் நுனியில இருக்கு. நான் இன்னைக்கே எழுதி அனுப்பிடறேன் மாஸ்டர். உங்களை மாதிரி ஆளைத் தற்காலிகமா வெச்சிருக்கறது தப்பு.”

அவர்கள் போன பிறகும் மாஸ்டர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஜன்னலில் வழக்கமான தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

“எப்படிம்மா இதெல்லாம் சரியாச் சொன்னீங்க? நான் நடத்தினது வேறயாச்சே?” என்றார்.

சந்தேகம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உங்க புக்ல மட்டும்தான் சார் பக்கம் மாறியிருக்கு, எங்களோடது எல்லாம் முதல் நாள்லேர்ந்தே சரியாத்தான் இருக்கு, அதான் அந்த மேடம் போயிட்டாங்களே, இப்பவாவது சொல்லுங்க சார், பேயோட குழந்தைக்கு நிழல் விழுமா, விழாதா?”