விசாரணை பாயிடம் நான் சொன்ன பொய்

விசாரணை பாயிடம் நாட்டு மருந்து வாங்குவதைவிட அமெரிக்க விசா வாங்குவது சுலபம். திண்டுக்கல் கடைவீதி முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை இது. சுக்கு கேட்டால்கூட, இருமுவது யார், எத்தனை நாளாக, சளியின் நிறம் என்ன என்று சொல்லாமல் பொட்டலம் கைக்கு வராது.

மலச்சிக்கலுக்கு ஒரு மரப்பட்டை வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டால் விசாரணை இரண்டு மடங்கு. பச்சைப் பட்டை வயிற்றைப் புரட்டும் என்று ஒரு வருடம் காயப்போட்டுத்தான் விற்பார்.

ஒருமுறை கன்னிவாடிக்காரர் ஒருவர் மனைவிக்காக அதைக் கேட்டார்.

“முழுகாம இருக்காகளா?”

“தெரியல பாய்.”

“தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

திட்டிக்கொண்டே போனவர், மறுநாள் ஜிலேபியோடு வந்தார். “முழுகாமத்தான் இருக்கா பாய்!” பாய் ஜிலேபியை வாங்கிக்கொண்டார். பட்டையைக் கொடுக்கவில்லை.

இந்தக் கதையை ஆபீசில் நடித்துக் காட்டிச் சிரித்தவன் நான். என் முறையும் வந்தது.

“எத்தனை நாளா வரல சார்?” என்றார் பாய், தெருவுக்கே கேட்கும்படி.

“யாரு பாய்?”

“மோசன், சார்.”

எனக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா நின்றிருந்தார். எனக்குக் காது சுட்டது.

“பிரஷருக்கு மாத்திர சாப்புடுறீகளா? நீர் போற மாத்திர?”

இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “எனக்கு ஒரு வியாதியும் கிடையாது பாய்!” என்றேன், டைப்பிஸ்டுக்கும் கேட்கும்படி.

பாய் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பொட்டலம் கட்டினார். “ஏழு நாளுதான். தண்ணி நெறையக் குடிங்க. அதுக்கு மேலயும் கஷ்டமா இருந்தா டாக்டர்ட்டப் போயிரணும்.”

மருந்து நன்றாக வேலை செய்தது. நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமோ என்று பயம். டாக்டரிடம் போகாமல், ஆபீஸ் டிரைவர் முருகேசனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினேன். முதல் வாரம் செம்பட்டியில் இருக்கும் அவர் மாமனாருக்கு. அடுத்த வாரம் சித்தையன்கோட்டைப் பெரியப்பாவுக்கு. அதற்கடுத்து ஒரு சித்தப்பா. முருகேசனின் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் நான் மலச்சிக்கலை உண்டாக்கிவிட்டேன்.

நான்காவது வாரம் ஆபீஸ் படியேறும்போது கால் இரண்டும் துவண்டன. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. வேற ஏதாச்சும் மருந்து எடுக்குறீங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பக்கத்தில் மனைவி. “ஒன்னும் இல்லம்மா” என்றேன், கையில் ஊசியோடு.

அன்று மத்தியானமே வார்டுக்குள் பாய் வந்தார். பயந்துபோன முருகேசன், நான் சாப்பிடும் மாத்திரைகள் உட்பட, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பாய் ஒரு துண்டுப் பட்டையை டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

“இது நான் குடுத்ததும்மா. நாலு வாரமாச் சாப்புட்டிருக்காரு. நீர் மாத்திரயும் சேத்து.”

வார்டே திரும்பிப் பார்த்தது. “ரெண்டும் சேந்துதான் பொட்டாசியத்தக் கொறச்சிருக்கு” என்ற டாக்டரம்மா, என் மாத்திரைச் சீட்டை வாங்கி, சில வரிகளை அடித்துவிட்டு வேறு எழுதினார். மனைவி சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார்” என்றார். “அம்புட்டுப் பேரு முன்னாடி நான் கேட்டிருக்கக் கூடாது. மனுசனுக்கு வெக்கம் இருக்கும்ல.”

பொய் சொன்னவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது.

அதன்பின் பாய், பட்டை கேட்பவர்களைக் கடைக்கு உள்ளே கூட்டிப்போய் ரகசியமாக விசாரிக்கிறார். அந்த ரகசியம் எதிர்ச்சாரிப் பாத்திரக்கடை வரைக்கும்தான் கேட்கிறது.

எனக்கு இப்போது கீரையும் தண்ணீரும் காலை நடையும் போதுமாக இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பக்கம் போனால் கடையில் ஏறிவிடுவேன். பாய் எதுவும் கேட்பதில்லை. நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். தராசைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரை கேட்கிறார்.