முதுகுப் பக்கம் கடல்

"சார், பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தேன். ஜம்முனுதான் இருக்கு. ஆனா கடலைத்தான் காணோம்" என்றார் டீக்கடைக்காரர்.

இன்ஜினியர் சிரித்தார். கடற்கரையில் நின்றுகொண்டு ஒருவர் கடலைக் காணோம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்தபடியே திரும்பி, புது நடைபாதையில் வரிசையாகப் பதித்திருந்த சிமெண்ட் பெஞ்சுகளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அத்தனை பெஞ்சும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து இருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு சாம்பல் நிறச் சுவர். நகராட்சியின் கழிவுநீர் ஏற்று நிலையம். அதைக் கட்டியவரும் சாட்சாத் இவரேதான்.

ஒரு காலத்தில் நாலு தூறல் போட்டால் போதும், அந்த ஊரில் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். ராப்பகலாக நின்று இவர் அந்த நிலையத்தைக் கட்டினார். தண்ணீர் வடிந்தது. ஊரும் நன்றி மறக்காமல் அவருக்கு 'சாக்கடை சார்' என்று பெயர் வைத்தது. வீட்டில் மனைவிகூட விட்டுவைக்கவில்லை. "சாக்கடை சார் வந்தாச்சு, முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்பதுதான் தினசரி வரவேற்பு.

அந்தப் பெயரைக் கழற்றிப் போட அவருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இந்த நடைபாதை. உத்தியோகம் பூராவும் குனிந்தே வேலை பார்த்த மனுஷனுக்கு, நிமிர்ந்து பார்த்துச் செய்ய ஒரு வேலை. சனிக்கிழமை அமைச்சர் திறந்துவைக்கிறார். அதற்கப்புறம் 'நடைபாதை சார்' என்று ஒருத்தராவது கூப்பிடமாட்டார்களா என்ற நப்பாசையில், கண்ணாடி முன் நின்று பேட்டி கொடுத்துக்கூடப் பழகியிருந்தார்.

இப்போது பெஞ்சே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எப்படி நடந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. பெஞ்சு பதித்த வாரம் அவர் கண் வலியோடு வீட்டில் கிடந்தார். இரண்டு கண்ணும் தக்காளி. ஒழுகும் கண்ணோடு ஒரு தாளில் படம் போட்டு மனைவி கையில் கொடுத்தனுப்பியிருந்தார். 'தலைகீழா வரைஞ்சு தொலைச்சிருக்கேன். கண்ணு நல்லா இருந்தாலே என் லட்சணம் தெரியாதா?' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், இந்த பெஞ்சு விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மேஸ்திரி. தப்பு என்னுது. சத்தம் போடாம ஒரு பெஞ்சப் பேர்த்துத் திருப்பிப் பாருங்க."

சத்தம் போடாமல் பேர்க்க அது என்ன முள்ளங்கியா? சம்மட்டி விழுந்த மூன்றாவது அடியில் பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. அந்தச் சத்தம் கேட்டு, அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த நகராட்சித் தலைவி காரை நிறுத்தி இறங்கினார்.

"என்ன சார் இது? திறக்கறதுக்கு முன்னாடியே இடிக்கிறீங்க?"

"இது... உறுதிப் பரிசோதனை மேடம். ஒண்ண உடைச்சுப் பார்த்தாத்தான் மத்தது எவ்வளவு தாங்கும்னு தெரியும்."

"சரி, ஏன் எல்லாம் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். ஆனால் நாக்கு அவருடையதாயிற்றே!

"வெளிநாட்டுல எல்லாம் இப்ப இதுதான் மேடம் புதுசு. கடல் காத்து முதுகுத்தண்டுல படணுமாம். மூஞ்சில பட்டா சளிதான் பிடிக்கும்."

தலைவிக்கு நாள்பட்ட முதுகு வலி. அப்படியே ஒரு பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். "அட, ஆமா சார்! இப்பவே ஒரு பிடிப்பு விட்ட மாதிரி இருக்கே!"

சாயங்காலமே ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஊரைச் சுற்றியது. 'முதுகு வலியா? கவலை வேண்டாம்! வருகிறது கடற்காற்று நடைபாதை!'

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஊரிலுள்ள முதுகு வலிக்காரர்கள் எல்லாம் திரண்டுவிட்டார்கள். சட்டையைத் தோள் வரை தூக்கிவிட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்ஜினியர் தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கம்பம் ஒல்லி, அவர் குண்டு.

"சாக்கடை சார், அங்க என்ன ஒளியறீங்க? இங்க வாங்க!" என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். "காத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு நேரம் எதிர்ல உங்க சாக்கடைச் சுவத்தயே பார்த்துக்கிட்டு இருக்கறது?"

அது தலைவி காதுக்கும் போயிற்று. "அமைச்சர் வந்து அந்தச் சுவத்தையா பார்ப்பாரு? ஏதாவது பண்ணுங்க சார்."

அவரும் பண்ணினார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரைக் கூட்டிவந்து, சுவர் முழுக்கக் கடலை வரையச் சொன்னார்.

"கடலுக்கு எதிர்லயேவா கடல் வரையணும்?" என்று ஓவியர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், நடுவுல ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருக்கே, இத என்ன பண்றது?" என்றார்.

நிலையத்தைத் திறந்தபோது பதித்த கல்வெட்டு அது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பெயரெல்லாம் போக, கடைசி வரியில் பொடி எழுத்தில் 'கட்டிய பொறியாளர்' என்று இவர் பெயர் இருக்கும்.

"என் பேருதானே, யார் படிக்கப் போறா? அதையும் சேர்த்து அடிச்சு விடுங்க."

"சார், அந்தக் கல்ல மட்டும்..." என்று மேஸ்திரி பதறிக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி! வாயத் திறக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

கல் புடைத்துக்கொண்டிருந்ததால் ஓவியர் அதை ஓர் ஆமையாக்கிவிட்டார். நல்ல களையான ஆமை.

அன்றைக்குச் சாயங்காலம் மனைவி போன் செய்தாள். அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்து, ஒத்தாசைக்குப் போயிருந்தாள். விழாவுக்கு நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"பெஞ்சுல உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"ம்."

"உட்கார்ந்தா எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் களுக்கென்று சிரித்தாள்.

இன்ஜினியருக்கு உடம்பெல்லாம் கூசியது. விஷயம் அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சந்தி சிரித்துவிட்டது! கட்டினவளே குத்திக்காட்டுகிறாள்.

"கடல்தான் தெரியுது. வேற என்ன தெரியும்?"

"கடலா?"

"ஆமா. பெரிய கடல்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கிவிட்டது. "சரி, வைக்கிறேன்" என்றாள்.

சனிக்கிழமை அமைச்சர் வந்தார், ரிப்பனை வெட்டினார், முதல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தலைவி. பின்னால், பக்கத்தில் என்று ஊரே சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. "என்ன அமைதியான கடல்!" என்று அமைச்சர் சுவரைப் பாராட்டினார்.

அன்றைக்குப் பௌர்ணமி. நிஜக் கடல் அவ்வளவு அமைதியாக இல்லை. ஆனால் அதைப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தவர் ஒரே ஓர் ஆள்தான். நன்றியுரைக்காகக் கூட்டத்தைப் பார்த்து நின்ற இன்ஜினியர்.

"ஐயா... அலை..." என்றார் மைக்கில்.

"ஆமா, அலைய அப்படியே உரிச்சு வெச்சிருக்காரு!" என்று அமைச்சர் சுவரைக் காட்டிக் கைதட்டினார். ஊரும் கைதட்டியது. கைதட்டல் முடிவதற்குள் பின்னாலிருந்து ஓர் அலை எழும்பி, அத்தனை முதுகையும் ஒரே அடியில் நனைத்துவிட்டு, சாலை வரை போய்த் தேங்கி நின்றது.

'தீர்ந்தது. இனிமே என்னை எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களோ!' என்று இன்ஜினியர் மைக்கைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் சுவருக்குப் பின்னாலிருந்து ஏற்று நிலையத்தின் மோட்டார் உறுமியது. முழங்கால் அளவு நின்ற தண்ணீர் சரசரவென்று இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலை வெளுத்துவிட்டது.

அமைச்சர் சொட்டச் சொட்ட நின்று வியந்தார். "பிரமாதமா இருக்கே! இத யார் கட்டினது?"

"அந்தச் சுவத்துல ஒரு கல்வெட்டு இருக்கும், அதுல பேரு போட்டிருக்கும் ஐயா" என்று, அமைச்சரிடம் 'சாக்கடை சார்' என்று சொல்லத் தயங்கிய தலைவி கை காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள். ஆமை எல்லாரையும் பார்த்தது.

நான்தான் என்று சொல்ல இன்ஜினியருக்கு வாய் வரவில்லை. இரண்டு தும்மல் போட்டுவிட்டு அமைச்சர் காரில் ஏறினார். கூட்டம் துணியைப் பிழிந்துகொண்டு கலைந்தது.

மனைவி பையோடு வந்து நின்றது அப்போதுதான். ஈரப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடினாள். முகம் விழுந்துவிட்டது.

"கல்லு எங்கங்க?"

"எந்தக் கல்லு?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்ஜினியர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீயும் சிரிச்சுட்டுப் போயேன். தப்பு பூரா என்னுதுதான். படத்தத் தலைகீழா வரைஞ்சுட்டேன், போதுமா?"

தலைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த மேஸ்திரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சார், இப்பவாவது என்னப் பேச விடுங்க! உங்க படம் சரியாத்தான் இருந்துச்சு. அதக் கொண்டு வந்து குடுத்த அம்மாதான், 'கடல் எங்கயும் ஓடிடாது மேஸ்திரி, பெஞ்ச எல்லாம் அந்தச் சுவத்தப் பார்த்துப் போடுங்க, எங்க வீட்டுக்காரர் பேர இந்த ஊரு ஒரு தடவையாவது உட்கார்ந்து படிக்கட்டும்'னு சொன்னாங்க!"